அறியாதார் அழைப்பு

மக்கள் வாழ்வு பிறரொடு கலந்து நடப்பது. அக்கலப்பிற்கு வாயில் மொழி. மொழியைத் தொலைவிற்குக் கொண்டு செல்வது தொலைபேசி. 1876ஆம் ஆண்டு அலெக்சாந்தர் கிரகாம் பெல் அதற்கு ஆக்கவுரிமை பெற்றார். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக, மணி ஒலித்தால் அழைப்பவர் யாரென அறியாமலே மக்கள் எடுத்துப் பேசினர். அழைப்பவர் இலக்கத்தைக் காட்டும் வசதி 1980களின் பிற்பகுதியிலேயே மேனாடுகளிற் பரவத் தொடங்கிற்று. இலக்கம் தெரிந்த பின்னரே அறியாத இலக்கம் என்னும் ஐயமும் பிறந்தது. அவ்வழைப்பை ஏற்றல் தகுமோ, விடுத்தல் தகுமோ என்பதை ஈண்டு ஆராய்வாம்.

பூநகரிப் பிரதேசத்து ஜெயபுரம் போன்ற வன்னிக் கிராமங்களில் இவ்வினா சிறியதன்று. வன்னி மக்களின் உறவினர் பலர் கனடா, பிரித்தானியா, பிரான்சு, சுவிற்சர்லாந்து முதலிய நாடுகளில் வாழ்கின்றனர். அவர்கள் அழைப்பு அட்டை வழியாகப் பேசுங்கால், திரையில் வேறோர் இலக்கம் தோன்றுவதுண்டு. மருத்துவமனையிலிருந்தோ பாடசாலையிலிருந்தோ வரும் அவசரச் செய்தியும் அறியாத இலக்கத்தில் வரக்கூடும். இவற்றினும் மேலாக, 2009 மே மாதத்தில் முடிவுற்ற போரிற் காணாமலாக்கப்பட்டோரைத் தேடும் தாய்மார் உளர். 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலருகே அவர்கள் தொடங்கிய அறப்போராட்டம் பலரறிந்தது. அத்தகைய தாய்க்கு ஒவ்வோர் அழைப்பும் மகன் குரலாயிருத்தல் கூடும். அவளை நோக்கி, “எடுக்க வேண்டாம்” எனல் அறிவுரையாகாது.

ஆயினும், அவ்வேக்கத்தையே முதலாக வைத்து, “மகன் முகாமில் இருக்கின்றான், பணம் தந்தால் விடுவிப்போம்” எனக் கூறிப் பறித்தாரும் உளர். வங்கியின் பெயரையும், 2023இல் தொடங்கிய அஸ்வெசுமத் திட்டத்தின் பெயரையும் சொல்லி ஏமாற்றுவார் வரின், அதுவும் வியப்பன்று.

திருக்குறளில் விருந்தோம்பல் ஒன்பதாம் அதிகாரம். தெரிந்து தெளிதல் ஐம்பத்தோராவது. வந்தாரை வரவேற்றலும், ஆராய்ந்து நம்புதலும் தம்முள் முரணல்ல என்பது இதனாற் பெறப்படும். அழைப்பை ஏற்பது வேறு. அழைத்தவரை நம்புவது வேறு.

இலங்கையில் உள்நாட்டு அழைப்புக்கு அழைப்பவரே கட்டணம் செலுத்துவர், எடுப்பவர்க்குச் செலவில்லை. ஆதலின் எடுத்துக் கேட்டலால் மட்டும் பொருளிழப்பு நேராது. வெளிநாட்டு இலக்கத்திலிருந்து ஒருமுறை ஒலித்து நின்றுவிடும் அழைப்பு வேறு வகையது. திரும்ப அழைப்போரிடம் மிகுந்த கட்டணம் பெறுதற்கு விரித்த வலை அது. யப்பானியர் இதனை ‘வன்கிரி’ என்பர். அதற்கு மறு அழைப்பு எடுத்தல் ஆகாது. உண்மை உறவினராயின் மீண்டும் அழைப்பர்.

திரையில் தோன்றும் இலக்கமும் சான்றாகாது. அதனைப் போலியாக்குதல் இயலும். வங்கி என்று ஒருவர் கூறின், அழைப்பைத் துண்டித்து, வங்கிப் புத்தகத்திலுள்ள இலக்கத்திற்கு நாமே அழைத்தல் வேண்டும். கைத்தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தை எவர் கேட்பினும் உரைத்தலாகாது.

காணாமற் போனவரைப் பற்றி ஒருவர் பேசின், வீட்டார் மட்டுமே அறிந்த செல்லப்பெயரையோ நிகழ்ச்சியையோ வினவுக. விடை கூறாது, “உடனே பணம் அனுப்புக, எவருக்கும் சொல்லற்க” என அவர் விரைவுபடுத்தின், அவ்விரைவே வஞ்சகத்தின் அடையாளம். அப்பொழுது தாய் தனித்து முடிவு செய்யாது, அயலாரையும் உறவினரையும் கூட்டிக் கலந்து பேசுதல் நன்று. பொலிசாரின் அவசர இலக்கம் 119.

ஆகவே, கேட்பதற்கு அஞ்சாதிருத்தலும் கொடுப்பதற்குத் தாமதித்தலுமே இவ்விடயத்திற் கொள்ளத்தக்க நெறியாம்.