மலையேறும் பிள்ளைகள் – 7: கால்கள் ஒன்றுசேரும் இடம்

முடி வெட்டி, டிரங்குப் பெட்டி வாங்கிக்கொண்டு, மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் வெலிங்டன் பேரக்கில் நம் பிள்ளைகள் முதல் இரவு படுத்ததோடு போன வாரம் நின்றோம். இந்த வாரம் துப்பாக்கி கைக்கு வரவேண்டும். ஆனால் ராணுவம் கைக்கு வேலை கொடுப்பதற்கு முன்பே காலைப் பிடித்துக்கொள்கிறது. அதை முதலில் பேசியாக வேண்டும்.

2022 செப்டம்பரில் அவிநாசியில் நடந்த அக்னிவீர் ஆள்சேர்ப்பு முகாமுக்குத் திருப்பூர், கோவை, ஈரோடு உள்ளிட்ட பதினொரு மாவட்டத்து இளைஞர்கள் வந்தார்கள். 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 நொடிக்குள் ஓடினால் 60 மதிப்பெண். பத்து முறை கம்பியில் தொங்கி ஏறினால் 40. தனி ஆளின் உடம்பை அளக்கும் சோதனை அது. பக்கத்தில் ஓடுபவனை முந்தியவனுக்குத்தான் இடம். அப்படித் தேறி, மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு ஒதுக்கப்பட்டு, அன்னூர், மேட்டுப்பாளையம் வழியாக மலையேறும் பையனிடம் டிரில் மைதானம் கேட்பது இதற்கு நேர் எதிரான ஒன்றை. முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. நிமிடத்துக்கு 120 அடி, ஒவ்வொரு அடியும் 30 அங்குலம். இந்தி படித்திராத பையனுக்கு 'சாவ்தான்', 'விஷ்ராம்', 'தேஸ் சல்' என்று கட்டளை வருகிறது. இந்தப் பக்கம் மலையாளி, அந்தப் பக்கம் தெலுங்குக்காரன், பின்னால் கன்னடக்காரன். காது புரிந்துகொள்ளும் முன்பே பக்கத்துக் காலைப் பார்த்து இவன் கால் நகர்ந்துவிடுகிறது. தரைப்படை அக்னிவீரருக்கு மொத்தப் பயிற்சியே 31 வாரம்தான். அதில் அடிப்படைப் பயிற்சிக்கு 10 வாரம். இன்றைய போரில் யாரும் வரிசைகட்டி நடந்துபோய்ச் சண்டையிடுவதில்லை. பிறகு எதற்காக இவ்வளவு நேரத்தை நடையில் செலவழிக்க வேண்டும்?

ஒரு காலத்தில் அதற்கு நேரடிக் காரணம் இருந்தது. பழைய மஸ்கெட் துப்பாக்கியைக் கெட்டித்துச் சுட நெடுநேரம் ஆகும். 1594-இல் நாசோ குடும்பத்து வில்லியம் லூயிஸ், பழைய கிரேக்க, ரோமானியப் போர்நூல்களைப் படித்துவிட்டுத் டச்சுப் படைத் தளபதியான தன் உறவினர் மாரிஸுக்கு ஒரு யோசனை எழுதினார்: முன்வரிசை சுட்டுவிட்டுப் பின்னால் போய்க் கெட்டிக்கட்டும், அடுத்த வரிசை முன்னால் வந்து சுடட்டும். ஒருவன் கால் தடுமாறினாலும் மொத்த ஏற்பாடும் குலையும் என்பதால் ஒவ்வொரு அசைவையும் துண்டு துண்டாகப் பிரித்துப் பழக்கினார்கள். 1607-இல் யாக்கோப் டி கெய்ன் வெளியிட்ட படநூலில் மஸ்கெட்டுக்கு மட்டும் 43 நிலைகள், சிறு துப்பாக்கிக்கு 42, ஈட்டிக்கு 32. மொத்தம் 117 படங்கள். இதே ஒழுங்கின் வலிமையை நம் மண் 1746 அக்டோபரில் அடையாற்றங்கரையில் கண்டது. பிரெஞ்சுக்காரர்கள் பழக்கிய, இந்தியச் சிப்பாய்களும் அடங்கிய சிறிய படை, ஆற்காட்டு நவாபின் மகன் மாபுஸ்கான் நடத்திவந்த பல மடங்கு பெரிய படையைச் சிதறடித்தது. அதைப் பார்த்து விழித்துக்கொண்ட ஆங்கிலேயரும் சிப்பாய்களைப் பழக்கத் தொடங்கினார்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் தன் பிறப்பாண்டாகச் சொல்லும் 1758 அந்தத் தொடர்ச்சியில்தான் வருகிறது.

மஸ்கெட் போய்விட்டது, நடை மட்டும் ஏன் போகவில்லை? வரலாற்றாசிரியர் வில்லியம் மெக்நீல் தரும் விடைதான் இந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்து வைத்திருந்தது. 1941-இல் அமெரிக்க ராணுவத்தில் சேர்க்கப்பட்டு டெக்சாஸில் அவர் பயிற்சி பெற்றபோது, அந்தப் பட்டாலியனுக்கு இருந்தது ஒரே ஒரு விமான எதிர்ப்புப் பீரங்கி; அதுவும் வேலை செய்யாது. வேறு வழியில்லாமல் மணிக்கணக்காக நடக்கவிட்டார்கள். பயனற்றது என்று அறிவு சொன்ன அந்த நடையில், தன்னைவிடப் பெரிய ஒன்றில் கலந்துவிட்ட நிறைவு உடம்பில் ஊறியதை அவர் மறக்கவே இல்லை. 1995-இல் அதை ஆராய்ந்து ஒரு நூலே எழுதினார். சேர்ந்து அசைகிற மனிதர்களுக்குள் பேச்சில்லாமலேயே பிணைப்பு உண்டாகிறது. நடனமும் டிரில்லும் அந்த வகையில் உறவினர் என்பது அவர் வாதம். கொங்கு நாட்டில் இதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. கோயில் விழாக்களில் நூற்றுக்கணக்கானோர் ஒரே அடவில் ஆடும் வள்ளி கும்மியைப் பாருங்கள். மேட்டுப்பாளையத்துப் பக்கத்துக் கலைஞர் பத்ரப்பன் 2024-இல் பத்மஸ்ரீ பெற்றது இந்தக் கலைக்காகத்தான். அறிமுகமில்லாத ஊர்க்காரர்கள்கூட ஆட்டம் முடியும்போது அந்நியராக இருப்பதில்லை.

அப்படியானால் நாள் முழுக்க இயந்திரத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்கும் பனியன் கம்பெனித் தொழிலாளிக்கு ஏன் அந்தப் பிணைப்பு வரவில்லை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பவர் டேபிளில் ஒவ்வொருவரும் தனித்தனி மெஷினோடு கட்டப்பட்டிருக்கிறார்கள். பீஸ் ரேட் என்றால் கூலியும் தனித்தனி எண்ணிக்கை. ஒரே கூரையின் கீழ் இருப்பது வேறு, ஒரே அசைவில் இருப்பது வேறு. இரண்டாவது ஆட்சேபம் கனமானது: இந்தப் பழக்கம் சிந்திக்காமல் கீழ்ப்படியும் மனிதர்களையே உருவாக்கும் என்பது. அந்த ஆபத்து உண்மை. ஆனால் 1806 ஜூலை 10-ஐ நினைத்துப் பாருங்கள். நெற்றிக்குறி கூடாது, காதணி கூடாது, தாடியை மழி, புதிய தலைப்பாகையை அணி என்று மெட்ராஸ் ராணுவம் உத்தரவிட்டது. திப்பு சுல்தானின் பிள்ளைகள் வேலூர்க் கோட்டைக்குள் காவலில் இருந்தது உட்பட வேறு காரணங்களும் சேர, வேலூரில் எழுந்தவர்கள் அதே பயிற்சி பெற்ற சிப்பாய்கள். சேர்ந்து நடக்கப் பழகியவர்கள் சேர்ந்தே எதிர்த்தார்கள். கிளர்ச்சி கொடூரமாக அடக்கப்பட்டது. ஆனாலும் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது, ஆளுநர் பெண்டிங்கும் தளபதி கிராடக்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். பிணைப்பு என்பது அதிகாரியின் சொத்தாக மட்டும் இருந்துவிடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

என் முடிவு இதுதான். பயிற்சி முகாமில் மனிதனைப் படைவீரனாக்குவது வசவும் அவமானமும் என்ற நம்பிக்கை தவறு. அதைச் செய்வது, ஒருவன் அடியை இன்னொருவன் அடியோடு பொறுமையாகச் சேர்க்கும் உழைப்பு. பயிற்சி தரும் உஸ்தாத் எவ்வளவு கண்டிப்பாக இருந்தாலும் தாங்கிக்கொள்ளும் பையன், தன் மானத்தில் கைவைத்தால் உள்ளுக்குள் விலகிவிடுகிறான். அப்போது சேர்ந்த கால்களும் பிரிகின்றன. கண்டிப்பு இருக்கட்டும், இழிவு வேண்டாம். உடம்பில் இப்படி ஒரு பிணைப்பை விதைத்துவிட்டு, அக்னிவீரராகச் சேர்ந்த நால்வரில் மூவரை நான்கே ஆண்டில் வீட்டுக்கு அனுப்பும் அரசு, அவர்களுக்கு என்ன கடன்பட்டிருக்கிறது? முதல் அணியினரின் காலம் 2026 இறுதியிலிருந்து முடியத் தொடங்குகிறது. துப்பாக்கியையும் அந்தக் கேள்வியையும் அடுத்த வாரம் சேர்த்தே எடுத்துக்கொள்வோம்.