"ஓடாதே" என்றார் டாக்டர்! 41 வயதில் வெற்றி மாலை சூடினார் அச்சுத் தொழிலாளி!

1911-ம் ஆண்டு, ஏப்ரல் 19-ந் தேதி. அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்குச் சுமார் 25 மைல் தொலைவில் ஆஷ்லண்ட் என்று ஓர் ஊர். அன்று அந்தச் சிற்றூரில் திருவிழாக் கூட்டம். பாஸ்டன் மாரத்தான் பந்தயம் அங்கிருந்துதான் தொடங்க இருந்தது.

பந்தயத்தில் ஓடுகிறவர்களை டாக்டர்கள் வரிசையாக நிற்கவைத்துப் பரிசோதித்தார்கள். 22 வயது வாலிபர் ஒருவரின் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்த டாக்டரின் முகம் மாறியது.

"லப்டப்" சத்தத்துக்கு நடுவே வேறு ஏதோ சத்தமும் கேட்டது. இருதயக் கோளாறாக இருக்கலாம் என்று டாக்டர் சந்தேகித்தார். களைப்புத் தட்டினால் உடனே நின்றுவிட வேண்டும், இதற்குப் பிறகு ஓட்டப் பந்தயத்தையே மறந்துவிட வேண்டும் என்று எச்சரித்தார்.

வாலிபர் தலையை ஆட்டினார், ஓடினார். 2 மணி 21 நிமிடம் 39 விநாடியில் பாஸ்டன் நகரை அடைந்தார். அதுவரை அந்தப் பாதையில் அவ்வளவு விரைவாக எவரும் ஓடியதில்லை. டாக்டர் தடுத்த மனிதருக்கே முதல் பரிசு!

அவர் பெயர் கிளாரன்ஸ் டிமார்.

தகப்பன் இல்லாப் பிள்ளை

டிமார் செல்வச் சீமான் வீட்டுப் பிள்ளை அல்ல. 1888-ல் ஒஹையோ மாநிலத்தில் பிறந்தார். 8 வயதிலே தந்தையை இழந்தார். குடும்பத்தில் வறுமை. தாயார் பிள்ளைகளுடன் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார். பாஸ்டன் துறைமுகத்திலுள்ள ஒரு தீவில், பையன்களுக்குத் தொழில் கற்பிக்கும் பள்ளி ஒன்று இருந்தது. அங்கே டிமாரைச் சேர்த்துவிட்டார்கள்.

வளர்ந்து ஆளானதும் அச்சுத் தொழிலில் இறங்கினார். வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டு பல்கலைக் கழகத்தின் பகுதிநேர வகுப்புகளில் படித்து, 1915-ல் பட்டமும் பெற்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோவில் பள்ளியில் சிறுவர்களுக்குப் பாடம் சொன்னார்.

இத்தனைக்கும் நடுவே ஓடிப் பழக நேரம் ஏது? அதற்கு அவர் கண்ட வழி மிக எளிது. வேலைக்குப் போகும்போதும் ஓடினார். வேலை முடிந்து வீடு திரும்பும்போதும் ஓடினார்! வண்டிச் சத்தம் மிச்சம், பயிற்சியும் ஆயிற்று.

பயம் பிடித்தது

1912-ல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் பந்தயத்தில் ஓடி, 12-வதாக வந்தார். பிறகு மாரத்தானை விட்டு விலகினார்.

காரணம் என்ன? டாக்டரின் எச்சரிக்கை மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. படிப்பு ஒரு பக்கம் இழுத்தது. இவற்றோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. மற்றவர்களை முந்தவேண்டும் என்ற ஆசை, கடவுள் பக்தி உள்ளவனுக்கு அடுக்குமா என்று அவர் குழம்பினார்.

1917-ல் ஒரு முறை வந்து பாஸ்டனில் மூன்றாவதாக ஓடினார். முதல் உலகப் போரில் ராணுவத்திலும் பணியாற்றினார். வருடங்கள் உருண்டன. வயது 33 ஆகிவிட்டது. "டிமார் சகாப்தம் முடிந்தது" என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

டாக்டரின் கதை என்ன ஆயிற்று? அவர் சில ஆண்டுகளுக்குள்ளேயே இருதய நோயால் காலமாகிவிட்டாராம். அன்று டாக்டர் கேட்டது தம்முடைய சொந்த இருதயத்தின் சத்தமாக இருக்குமோ என்று டிமார் பிற்காலத்தில் வேடிக்கையாகக் குறிப்பிட்டார்.

மூன்று வருடம், மூன்று வெற்றி

1922-ல் டிமார் மீண்டும் பந்தயத்துக்கு வந்தார். முதல் பரிசு அவருக்கே. 1923-லும் அவருக்கே. 1924-லும் அவருக்கே! அதே 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மூன்றாவதாக வந்து வெண்கலப் பதக்கமும் பெற்றார்.

மாரத்தானுக்கு 26 மைல் 385 கஜம், அதாவது 42.195 கிலோ மீட்டர் என்ற அளவு 1908-ல் லண்டன் ஒலிம்பிக்கில் வந்தது. 1921-ல் அதுவே எல்லோருக்கும் பொது அளவாயிற்று. பழைய பாஸ்டன் பாதை இதைவிடக் குறைவு. 1924-ல் தொடக்க இடத்தை ஹாப்கிண்டன் என்ற ஊருக்குத் தள்ளி வைத்தார்கள். பின்னர் அளந்து பார்த்ததில் அப்போதும் சிறிது தூரம் குறைந்தது. 1927-ல்தான் முழுத் தூரமும் சரியாயிற்று. பாதை நீண்டது, டிமாருக்கு வயதும் ஏறியது. ஆனால் 1927-ல் வென்றவர் அவரே. 1928-ல் வென்றவரும் அவரே!

பரிசு என்றதும் பணமூட்டை என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு பதக்கம், தலைக்கு ஓர் இலை மாலை, ஓடி முடித்தவர்களுக்கு ஒரு கிண்ணம் சூடான இறைச்சிக் குழம்பு. அவ்வளவுதான்! பாஸ்டனில் வெற்றி பெற்றவர்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது 1986-ல்தான். டிமார் கடைசி வரை அமெச்சூர். ஓட்டம் அவருக்குச் சோறு போடவில்லை. அச்சுத் தொழில்தான் போட்டது.

ஆள் கொஞ்சம் முரடர். ஓடும்போது யாராவது குறுக்கிட்டுத் தொந்தரவு செய்தால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிடும். ஆனாலும் பாஸ்டன் மக்கள் அவரை விட்டுக்கொடுக்கவில்லை. "மிஸ்டர் டிமாரத்தான்" என்று பட்டம் சூட்டிக் கொண்டாடினார்கள்.

நாற்பதைத் தாண்டி...

1930. டிமார் அப்போது நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் கீன் என்ற ஊரிலுள்ள ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் அச்சுத் தொழில் கற்பித்துக்கொண்டிருந்தார். வயது 41.

இந்தப் பந்தயத்தில் எல்லோரையும் சோதிக்கிற இடம் ஒன்று உண்டு. சுமார் 16 மைல் ஓடியானதும் நியூட்டன் மேடுகள் குறுக்கிடும். ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றங்கள். கடைசி மேடு 20 மைலுக்குப் பிறகு வருகிறது. அதற்குப் பிற்காலத்தில் "நெஞ்சை உடைக்கும் மேடு" என்றே பெயர் வந்துவிட்டது.

அந்த மேடு அவ்வளவு உயரமா? இல்லை. அது வரும் நேரம்தான் பொல்லாதது. ஓடுகிறவனின் தசைகளில் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சத்து சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. அநேகமாக 20 மைல் ஓடும்போது அந்தச் சேமிப்பு கரைந்துபோகிறது. கால் ஈயமாகக் கனக்கும், கண் இருளும். ஆரம்பத்தில் ஆர்வக் கோளாறால் வேகமாக ஓடியவன் அங்கே நடக்கத் தொடங்கிவிடுவான். ஆரம்பத்தில் அடக்கி ஓடியவன் அவனைத் தாண்டிப் போவான். வாலிபனின் வேகத்தைவிட நடுத்தர வயதுக்காரனின் நிதானம் பலன் தரும் இடம் அது.

டிமார் அதையும் கடந்தார். 2 மணி 34 நிமிடம் 48 விநாடி! ஏழாவது முறையாக வெற்றி மாலை. பாஸ்டன் மாரத்தானில் அவ்வளவு வயதில் முதலிடம் பெற்றவர் வேறு எவரும் இல்லை. அந்தப் பெருமை இன்றும் அவருக்கே.

அதோடு நிறுத்தினாரா? இல்லை. முதலிடம் கிடைக்காவிட்டாலும் ஓடிக்கொண்டே இருந்தார். 1954-ல், 65 வயதில், கடைசி முறையாகப் பாஸ்டன் பந்தயத்தை ஓடி முடித்தார்.

இருதயம் சொன்ன சாட்சி

1958 ஜூன் மாதம் டிமார் காலமானார். இருதய நோயால் அல்ல, புற்றுநோயால்.

உயிரோடு இருந்தபோதே ஹார்வர்டு விஞ்ஞானிகள் அவரை இயந்திரத்தின்மேல் ஓடச் செய்து ரத்தத்தைச் சோதித்தது உண்டு. கடுமையாக உழைக்கும் தசைகளில் உண்டாகிற லாக்டிக் அமிலம், அவர் ரத்தத்தில் மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. இறந்த பின் பிரேதப் பரிசோதனை நடந்தது. ஆராய்ந்தவர்களில் ஒருவர் பால் டட்லி ஒயிட். 1955-ல் ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தபோது வைத்தியம் பார்த்த பிரபல இருதய நிபுணர் அவர்.

1961-ல் முடிவு வெளியாயிற்று. இருதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் டிமாருக்குச் சாதாரண மனிதனுக்கு இருப்பதைவிட இரண்டு, மூன்று மடங்கு அகலமாக இருந்தன! வயதுக்கு ஏற்றபடி கொழுப்பும் சிறிது படிந்திருந்தது. ஆனால் குழாய் அகலமாக இருந்ததால் ரத்த ஓட்டத்துக்குத் தடை ஏற்படவில்லை.

50 வருடம் ஓடியதால் அகலமாயினவா, பிறவியிலேயே அப்படியா? ஒரே ஒரு மனிதரை வைத்து அதைத் தீர்மானிக்க முடியாது. ஆனால் ஒன்று நிச்சயம். "ஓடினால் ஆபத்து" என்று அஞ்சிய இருதயம், அரை நூற்றாண்டு ஓட்டத்துக்கும் ஈடுகொடுத்தது. நெடுந்தூரம் ஓடுகிறவர்களின் இருதயம் சற்றுப் பெரிதாவதும், நாடி நிதானமாக அடிப்பதும், சில சமயம் தீங்கில்லாத கூடுதல் சத்தம் கேட்பதும் உண்டு என்பதை இன்றைய டாக்டர்கள் அறிவார்கள்.

மறுபக்கமும் உண்டு

இதைப் படித்துவிட்டு, நாளைக் காலையே 26 மைல் ஓடிவிடலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்!

ஜிம் பிக்ஸ் என்று ஓர் அமெரிக்கர் இருந்தார். ஓட்டத்தைப் பற்றி 1977-ல் அவர் எழுதிய புத்தகம் லட்சக் கணக்கில் விற்றது. அவருடைய தந்தை 43 வயதில் இருதய நோய்க்குப் பலியானவர். 1984-ல், ஓடச் சென்ற பிக்ஸும் வழியில் சுருண்டு விழுந்து மாண்டார். வயது 52. அவருடைய இருதயக் குழாய்கள் கடுமையாக அடைபட்டிருந்தன. ஓட்டம் நன்மை செய்யும். ஆனால் உள்ளே மறைந்திருக்கும் நோயை அது தானாகத் துடைத்துவிடாது.

2000 முதல் 2010 வரை அமெரிக்காவில் மாரத்தான், அரை மாரத்தான் பந்தயங்களில் ஓடிய 1 கோடியே 9 லட்சம் பேரைப் பற்றி ஓர் ஆராய்ச்சி நடந்தது. 59 பேருக்கு இருதயம் நின்றுபோயிற்று. அவர்களில் 42 பேர் இறந்தார்கள். 1,84,000 பேருக்கு ஒருவர் என்ற கணக்கு. ஆபத்து மிகக் குறைவுதான். ஆனால் பாதிக்கப்பட்டவர்களின் சராசரி வயது என்ன தெரியுமா? 42! உடனே மார்பை அழுத்தி முதலுதவி செய்யப்பட்டவர்களே அதிகம் பிழைத்தார்கள் என்பதும் அந்த ஆராய்ச்சியில் தெரிந்த உண்மை.

ஆகவே நாற்பது வயதைத் தாண்டியவர் ஓடத் தொடங்குமுன் டாக்டரைப் பார்ப்பது கோழைத்தனம் அல்ல; புத்திசாலித்தனம். குடும்பத்தில் இருதய நோய் இருந்தால் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஓடும்போது மார்பில் வலியோ தலைச்சுற்றலோ வந்தால், வீறாப்புப் பேசாமல் நின்றுவிட வேண்டும்.

தினமும் கொஞ்சம்

1897-ல் முதல் பாஸ்டன் பந்தயத்தில் ஓடப் புறப்பட்டவர்கள் 15 பேர். 1970-ல் நியூயார்க் நகரில் நடந்த முதல் மாரத்தானை ஓடி முடித்தவர்கள் 55 பேர்தான். 2024-ல் அதே நியூயார்க்கில் 55,000 பேருக்கு மேல் ஓடி முடித்தார்கள்! அவர்களில் முதலிடத்துக்குப் போட்டியிட்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மற்றவர்கள் எல்லாம் குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள், கடைக்காரர்கள், தாய்மார்கள். நான்கு மணி, ஐந்து மணி நேரம் ஓடி, மறுநாள் காலை நொண்டிக்கொண்டே வேலைக்குப் போகிறவர்கள். அவர்களுக்கெல்லாம் முன்னோடி டிமார்.

கீன் நகரில் 1978 முதல் அவர் பெயரால் ஒரு மாரத்தான் நடந்து வருகிறது. அதில் ஓடுகிற நடுத்தர வயதுக்காரர்கள் அவரிடமிருந்து கற்க வேண்டியது ஏழு வெற்றிகளை அல்ல. அது எல்லோருக்கும் கிட்டாது. வேலைக்கு ஓடிப் போய், வேலை முடிந்ததும் ஓடி வந்தாரே, அந்தத் தினசரிப் பழக்கம்! 41 வயதில் சூடிய மாலை ஏப்ரல் மாதத்தில் ஒரு நாளில் சம்பாதித்தது அல்ல. அச்சுக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நடுவே, வருடக் கணக்காக, மைல் மைலாகச் சேர்த்தது.