தூக்கிய வண்டி... தேயும் டயர்!

மழை கொட்டினால் புதுச்சேரி இந்திரா காந்தி சதுக்கத்தில் தண்ணீர் தேங்கும். ‘வண்டியின் முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் என்ன?’ என்று பிக்கப் வைத்திருப்பவருக்குத் தோன்றுவது இயல்பு.

சிக்கல் அதன் பிறகுதான். ஈ.சி.ஆரில் வேகமெடுத்தால் வண்டி அலையும்; திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேராகாது; டயரின் ஓரம் மட்டும் தேயும். உயரம் கூடியதும் சஸ்பென்ஷன் ஆர்ம்கள் கீழே சாய, சக்கரத்தின் கேம்பர், காஸ்டர், டோ என மூன்று கோணங்களும் மாறிவிடுவதே காரணம்.

டோவை மட்டும் சரிசெய்தால் போதாது. முதலில் தேய்ந்த பால் ஜாயின்ட், புஷ்களை மாற்ற வேண்டும். அடுத்து காஸ்டர், கேம்பர், கடைசியில்தான் டோ. அப்போதும் அளவு சரிவரவில்லையா? உயரத்தைக் குறைப்பதே நல்லது. தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும் கடிவாளம் போடுகிறது.

மழைநீர் வடிந்துவிடும், வண்டி வருஷம் முழுக்க ஓட வேண்டுமே!