மலை இறங்கும் லாரிக்கு மின்சார மோட்டார்

பழைய டீசல் லாரியை மின்சாரத்துக்கு மாற்றும்போது எஞ்சின், டீசல் டேங்க், சைலன்சர் எல்லாம் கழன்றுபோகும். பெரும்பாலும் கியர்பாக்ஸும் போகும். அதே சேஸில் மோட்டாரும் பேட்டரியும் ஏறும். வேலை அதோடு முடிவதில்லை. ஏர் பிரேக்குக்குக் காற்று அடைக்கும் கம்ப்ரஸரும் பவர் ஸ்டீயரிங் பம்பும் இதுவரை எஞ்சினை நம்பி ஓடியவை. இனி இரண்டுக்கும் தனித்தனி மோட்டார் வேண்டும். இதில் கவனம் பிசகினால் அந்த வண்டியை மலைப்பாதையில் விடவே கூடாது.

ஹைபிரிட் முறையில் எஞ்சினும் உண்டு, மோட்டாரும் உண்டு. அதில் ஒரு வகையில் டீசல் எஞ்சின் ஜெனரேட்டரை மட்டும் ஓட்டும். சக்கரத்தைச் சுழற்றுவது மோட்டார்தான். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மரம் ஏற்றும் லாரிகளுக்காக எடிசன் மோட்டார்ஸ் நிறுவனம் இந்த வழியில் இறங்கியிருக்கிறது.

இந்த மாற்றத்தின் முழுப்பயன் தெரியும் இடம் மலைச்சாலை. சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டருக்குப் பக்கத்தில். இடையே 20 கொண்டை ஊசி வளைவுகள். நாகலூர் போன்ற சேர்வராயன் மலைக் கிராமங்களின் காப்பி, மிளகு, சில்வர் ஓக் மரம் எல்லாம் கீழே இறங்கித்தான் விலைபோகின்றன. மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலைக்காக இந்த மலையில் வெட்டிய பாக்சைட்டும் கீழ்நோக்கிப் போன சரக்குதான்.

லோடோடு இறங்கும் டிரைவர் கியரைக் குறைத்து, எக்ஸாஸ்ட் பிரேக் போட்டு வண்டியைப் பிடிப்பார். அப்படியும் பிரேக் டிரம் கொதிக்கும், லைனர் கருகும் வாடை வரும். மேலே ஏற்றிவைத்த ஆற்றல் அத்தனையும் சூடாகிக் காற்றில் கரைகிறது. மின்சார லாரியில் இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டராகிறது. அது வண்டியை இழுத்துப் பிடிப்பதோடு பேட்டரியையும் நிரப்பும்.

கணக்கு எளியது. மூன்று ஆக்ஸில் லாரி லோடோடு 28.5 டன் வரை இருக்கலாம் என்பது 2018-இல் உயர்த்தப்பட்ட வரம்பு. அந்த எடை 1,200 மீட்டர் இறங்கும்போது சுமார் 93 யூனிட் ஆற்றல் வெளிப்படும். டயர் உராய்வு, மின்மாற்ற இழப்பு எல்லாம் போக 60 யூனிட் அளவுக்குத் திரும்பக் கிடைக்கலாம். பத்து டன் வெற்று லாரி அதே மலையை ஏற 45 யூனிட் போதும். ஆனால் ஏற்காட்டுக்குச் சிமெண்டும் மணலும் அரிசியும் லோடாகவே ஏறுகின்றன. அப்போது ஏற்றத்துக்கு ஆகும் செலவை இறக்கம் ஈடுகட்டாது.

இந்தக் கணக்கைச் சுவிட்சர்லாந்து நடைமுறையில் காட்டியது. பீல் நகருக்கு அருகிலுள்ள சிமெண்ட் ஆலைக் குவாரியில், டீசல் கொமாட்சு டம்பர் ஒன்றை மின்சாரத்துக்கு மாற்றினார்கள். பேட்டரி மட்டும் நாலரை டன். மேலே 65 டன் பாறையை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது கிடைக்கும் மின்சாரமே, அது வெறுமையாக மேலே ஏறப் பெரும்பாலும் போதுமானது.

ஒரு எச்சரிக்கை உண்டு. மலை உச்சியில் பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்துவிட்டால், இறக்கத்தில் வரும் மின்சாரத்துக்கு இடமிருக்காது. மோட்டார் பிடிக்காது, பழையபடி டிரம் பிரேக்கின் தலையில்தான் பாரம் விழும். அடிவாரத்தில் நிரப்பி, மேலே இடம் விட்டுவைப்பதே முறை.

நெடுந்தூரம் ஓடும் சங்ககிரி, நாமக்கல் நேஷனல் பர்மிட் லாரிகளுக்கு இந்த மாற்றம் இப்போதைக்குப் பொருந்தாது. கனரக லாரி கிலோமீட்டருக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் குடிக்கும். 300 யூனிட் பேட்டரி சுமார் இரண்டு டன் எடை. அந்த அளவுக்குச் சரக்கு குறையும், வாடகையும் குறையும். குவாரி, சிமெண்ட் ஆலை, துறைமுகம் என ஒரே தடத்தில் நாள்தோறும் ஓடும் வண்டிகளுக்கே லாபம். ஆஸ்திரேலியாவில் ஜேனஸ் நிறுவனம், எஞ்சின் பழுதுபார்க்கும் காலம் வந்த லாரிகளை மாற்றி, தீர்ந்த பேட்டரியைச் சில நிமிடங்களில் கழற்றி மாட்டுகிறது.

பழைய லாரியை இப்படி மாற்ற இந்தியாவில் சட்டம் வழிவிட்டிருக்கிறது. ஏ.ஐ.எஸ்.-123 தரத்தின்படி புனேயின் அராய் போன்ற சோதனை மையத்தில் ஒப்புதல் பெற்ற கிட் வேண்டும். அதைப் பொருத்திய பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி. புக்கில் மாற்றத்தைப் பதிய வேண்டும். மானியம்தான் வேறு பக்கம் சாய்கிறது. பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் 2025 ஜூலையில் அறிவித்த, லாரிக்கு அதிகபட்சம் 9.6 லட்சம் ரூபாய் உதவி புதிய மின்சார லாரிக்கு மட்டுமே. அதற்கும் பழைய லாரி ஒன்றை உடைத்த சான்றிதழ் வேண்டும். சேஸ் நன்றாக இருக்கும் வண்டியை உடைப்பவருக்கு உதவி, மாற்றுபவருக்கு இல்லை என்பது நியாயமாகப் படவில்லை. லாரிக்குப் பாடி கட்டிப் பேர்பெற்ற நாமக்கல்லும், ரிக் வண்டிகளுக்குப் பேர்போன திருச்செங்கோடும் சேலத்துக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. வெல்டிங், சேஸ் வேலை எல்லாம் அந்தப் பட்டறைகளுக்குக் கைவந்தவை. உயர் மின்னழுத்த வேலைக்கான பயிற்சியும் ஒப்புதல் பெற்ற கிட்டும் கிடைத்தால் இந்த வேலையை அங்கேயே செய்யலாம்.