பகலில் தெளிவு, இரவில் மங்கல்

நகர்ப்புறப் பொதுக் கட்டடங்களில் கண்காணிப்புக் கேமரா வேண்டுமென்று 2012இல் தமிழக அரசு விதி செய்தது. மரக்காணம் உப்பளக் கரையில் கேமராவை மாட்டினால் மட்டும் போதாது. நடுப்பகலில் ஃபோகஸ் வைத்துவிட்டு ஏணியை மடக்கக்கூடாது. வெயிலில் லென்சின் துவாரம் சுருங்கியிருப்பதால் அருகும் தூரமும் ஒருங்கே தெளிவாய்த் தெரியும். இருட்டினால் துவாரம் அகன்று, வாசலில் நிற்பவரின் முகம் கலங்கிவிடும். ஆள் வந்தது தெரியும், யாரென்று தெரியாது; அப்படிப்பட்ட படத்தால் என்ன பயன்? ஆகவே கோணத்தைப் பகலில் வைத்துக்கொண்டு, அந்தி மயங்கியபின் வாசலில் ஒருவரை நிறுத்தி, அகச்சிவப்பு விளக்கு எரியும்போதே ஃபோகசைச் சரிசெய்வது நல்லது.

வெண்மையான உப்புக் குவியல் படத்தை நிறைத்தால் முன்னால் நிற்கிறவர் கருநிழலாவார். கேமராவைச் சற்றுக் கீழே சாய்க்கவேண்டும். கண்ணாடியில் படியும் உப்போ இரவில் பனிமூட்டம்போல் காட்டும். பழுதென்று எண்ணிப் பணத்தை வீணாக்காமல், முதலில் நல்ல தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் துடைத்துப் பாருங்கள்.