கோடை விடுமுறையில் தீம் பார்க்: வெயிலையும் கூட்டத்தையும் கணக்கில் வையுங்கள்

முழு ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு பிள்ளைகள் கேட்பது தீம் பார்க்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி., எம்.ஜி.எம்., பூந்தமல்லி அருகே குயின்ஸ்லேண்ட், மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர் என எங்கே போனாலும் அந்த மாதங்களில் கூட்டம் அலைமோதும். மே முதல் வாரத்தில் பிறக்கும் கத்திரியும் அதே விடுமுறைக்குள்தான் வருகிறது. பிள்ளைகளின் ஆசையைத் தட்டிக்கழிக்கச் சொல்லவில்லை. தலைக்கு இவ்வளவு என்று டிக்கெட் எடுத்துவிட்டோமே, ஒரு ராட்டினம் விடாமல் ஏறிவிட வேண்டும் என்று காலை முதல் மாலை வரை வெயிலில் நிற்கிறோமே, அந்தப் பிடிவாதத்தை மட்டும் விட்டுவிடலாம்.

கூட்டம் வெயிலைக் கூட்டும்

2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் விமானப்படையின் சாகச நிகழ்ச்சி காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 1 மணி வரை நடந்தது. பார்க்கப் போனவர்களில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். பலர் மயங்கி விழுந்தார்கள். அது கோடைகாலம்கூட இல்லை. இடமோ கடற்கரை.

வெயிலில் உடம்பு தன் சூட்டைப் பெரும்பாலும் வியர்வையால் வெளியேற்றுகிறது. ஆனால் வியர்த்தால் மட்டும் போதாது, அந்த வியர்வை காய வேண்டும். நெருக்கியடித்து நிற்கும்போது காற்று புகாது, பக்கத்தில் நிற்பவரின் உடல்சூடும் சேர்ந்துகொள்ளும், வியர்வை காயாமல் வழிந்தோடும். சென்னையில் பிற்பகலில் கடற்காற்று வந்தால் வெயில் தணிந்ததுபோலத் தோன்றும்; ஈரப்பதம் ஏறிவிடுவதால் புழுக்கம் குறையாது. அதனால் செல்போனில் 36 டிகிரி என்று பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். தகரக் கூரைக்கடியில் முக்கால் மணி நேரம் வரிசையில் நிற்கும் குழந்தை தாங்குவது அதைவிட அதிகம்.

எந்த நாள், எந்த நேரம்?

என்னைக் கேட்டால், முடிந்தவர்கள் இந்த ஆசையை அரையாண்டு விடுமுறைக்குத் தள்ளிவையுங்கள். கூட்டம் இருந்தாலும் வெயில் இருக்காது. கோடையில்தான் போக முடியும் என்றால் சனி, ஞாயிறு, சித்திரை முதல் நாள், மே தினம் ஆகியவற்றைத் தவிர்த்து வாரநாளில் போங்கள்.

பெரும்பாலான பூங்காக்கள் பத்து, பத்தரைக்குத்தான் திறக்கின்றன. அதற்குள் வெயில் ஏறிவிடும். ஆன்லைனில் டிக்கெட் எடுத்துக்கொண்டு, திறக்கும் நேரத்துக்கே வாசலில் இருங்கள். பிறகு நீண்ட வரிசை சேரும் பெரிய ராட்டினங்களை முதல் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். பன்னிரண்டு முதல் மூன்று வரை சாப்பாடு, நிழல், ஏ.சி. அரங்குக் காட்சிகள். சின்னக் குழந்தை தூங்கினால் தூங்கட்டும். தண்ணீர் விளையாட்டு மூன்றுக்குப் பிறகு. அது எத்தனை மணிக்கு நிறுத்தப்படும் என்று உள்ளே நுழையும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியூரிலிருந்து இரவெல்லாம் வேனில் வந்து, தூங்காமல், காலையில் வெறும் டீயோடு உள்ளே நுழைகிறவர்கள் உண்டு. தூக்கம் கெட்ட உடம்பு வெயிலைத் தாங்காது. வீட்டிலும் அலுவலகத்திலும் ஏ.சி.யிலேயே இருப்பவர்களுக்கும் இதே கதிதான். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும்.

தண்ணீருக்குள்ளும் வியர்க்கும்

நீச்சல் குளத்தில் இரண்டு மணி நேரம் ஆடும் பிள்ளைக்குத் தாகமே தெரியாது. ஆனால் வியர்வையில் நீர் குறைந்துகொண்டேதான் இருக்கும். அரை மணிக்கொருமுறை கரையேற்றித் தண்ணீர் குடிக்க வையுங்கள். பெரியவர்கள் வெயிலில் இருக்கும்போது இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் என்று வைத்துக்கொள்ளலாம். மோர், இளநீர், தர்பூசணி எல்லாம் நல்லதே. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். குத்துமதிப்பாகக் கொஞ்சம் கொட்டிக் கலக்கக் கூடாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கலவைக்கு ஒத்துவராத இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. வாங்கும்போது அட்டையைப் படியுங்கள்.

நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் வெயிலும் தோலைச் சுடும். முழுக்கை நீச்சலுடை உதவும். சன்ஸ்கிரீனை இரண்டு மணிக்கொருமுறை மறுபடி பூச வேண்டும். தரை கொதிக்கும் என்பதால் செருப்பைத் தூரத்தில் விடாதீர்கள்.

கழிவறைக்குப் பயந்து

பெண்கள் பலர் இந்த மாதிரிப் பயணங்களில் தண்ணீரே குடிப்பதில்லை. கழிவறை சுத்தமாக இருக்காது, வரிசை நீளம், ஈர உடையோடு போய்வருவது சிரமம். அடக்கிக்கொண்டு மாலை வரை ஓட்டிவிடுகிறார்கள். தலைவலி, நீர்க்கடுப்பு, சில நேரம் காய்ச்சலோடு கூடிய சிறுநீர்த் தொற்று என்று அதன் பலன் அடுத்த ஓரிரு நாளில் தெரியும். குற்றம் அவர்களுடையதல்ல. நுழைந்ததும் கழிவறை எங்கே என்று பார்த்துவைத்து, கூட்டம் சேருமுன் போய்வர வீட்டுக்காரர்கள் நேரம் ஒதுக்கித் தர வேண்டும். பை, குழந்தை இரண்டையும் அந்தப் பத்து நிமிடம் அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று பொருள்.

பாட்டியும் வருகிறார் என்றால்

வயதானவர்களுக்குத் தாக உணர்வு மங்கிவிடும், கேட்காமலே கொடுங்கள். இரத்த அழுத்தத்துக்கான நீர் மாத்திரைகள், பீட்டா பிளாக்கர்கள், சில மனநல மருந்துகள் வெயிலைத் தாங்கும் திறனைக் குறைக்கும். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். இன்சுலினை வெயிலில் நிற்கும் வண்டியில் விட்டால் வீணாகிவிடும். குழந்தையை அந்த வண்டிக்குள் ஐந்து நிமிடம்கூடத் தனியே விடக் கூடாது.

மயங்கி விழுந்தால்

தலைசுற்றல், குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு வந்தால் நிழலில் படுக்கவைத்து, காலை உயர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும். பேச்சு குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, வலிப்பு வந்தாலோ அது ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். அப்போது உடலின் உள்சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். உடனே 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை சும்மா இராமல் உடையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். நினைவு தவறியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பாரசிட்டமால் இந்தச் சூட்டை இறக்காது. தெளிந்து எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்த்தான் ஆக வேண்டும். சிறுநீரகமும் கல்லீரலும் பாதிக்கப்பட்டிருப்பது ஓரிரு நாள் கழித்துக்கூடத் தெரியவரும்.