அளவைத் தாள் பார்த்துக்கொள்ளும்

துண்டுத்துணிகளை இணைத்துப் போர்வை தைக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. தையல் மெஷினே இல்லாமல் ஊசி, நூல், கத்தரி, கொஞ்சம் தாள் இவற்றை வைத்தே செய்யும் முறை ஒன்றும் அதில் இருக்கிறது. பெயர் ‘இங்கிலீஷ் பேப்பர் பீசிங்’. தாளை அறுகோணமாக வெட்டி, அதன்மேல் துணியை மடித்து நூலோட்டி, அப்படிச் செய்த துண்டுகளை விளிம்போடு விளிம்பாகச் சேர்த்துத் தைத்து, கடைசியில் தாளை உருவிவிட வேண்டும். தைத்துப் பழக்கமில்லாதவர்களும் தயங்காமல் இறங்கலாம். இதில் அளவு பிசகாமல் பார்த்துக்கொள்வது கையல்ல, தாள்.

இங்கிலாந்தில் இந்த முறை முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பழையது. 1718 என்று ஆண்டு குறித்த பட்டுப் போர்வை ஒன்று அங்குள்ள குயில்ட் (பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) கலைஞர் சங்கத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அதுவும் தாள் வைத்துத் தைத்ததுதான். பழைய கடிதம், கணக்குத் தாள், செய்தித்தாள் என்று வீட்டில் கிடந்ததையெல்லாம் அப்போது வெட்டிப் பயன்படுத்தினார்கள். முடிக்காமல் விட்ட போர்வைகளில் அந்தத் தாள்கள் இன்னும் உள்ளேயே இருக்கின்றன. தாளில் தேதி இருந்தால், போர்வை அதற்கு முந்தியதாக இருக்க முடியாது என்று ஆய்வாளர்கள் கண்டுகொள்கிறார்கள்.

அமெரிக்காவில் 1835-லேயே ‘கோடிஸ் லேடிஸ் புக்’ என்ற மாத இதழ் அறுகோண ஒட்டுத்துணி வேலையை வாசகிகளுக்குச் சொல்லிக்கொடுத்தது. நூறாண்டு கழித்து, 1930-களின் பணமுடைக் காலத்தில், ‘பாட்டியின் பூந்தோட்டம்’ என்னும் அறுகோண டிசைன் அங்கே வீடுதோறும் பரவியது. இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூரின் சாங்கி சிறையில் அடைபட்ட சாரணச் சிறுமிகள், கிடைத்த கந்தலை வெட்டி இதே டிசைனில் தங்கள் தலைவிக்கு ஒரு குயில்ட் தைத்தார்கள். அது இப்போது லண்டனின் இம்பீரியல் வார் மியூசியத்தில் இருக்கிறது.

ஏன் அறுகோணம்?

ஒழுங்கான வடிவங்களில் இடைவெளி விடாமல் தளத்தை நிரப்பக்கூடியவை மூன்றே: சமபக்க முக்கோணம், சதுரம், அறுகோணம். முக்கோணத்தின் கூர்முனையில் துணியை மடித்தால் மிச்சம் வால்போல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அறுகோணத்தின் மூலை 120 டிகிரி என்பதால் மடிப்பு தானாகவே பின்பக்கம் அடங்கிவிடும். ஆறு பக்கமும் ஒரே நீளம். எந்தத் துண்டை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் பொருந்தும்.

தேவையானவை

துணி பருத்தியாக இருக்கட்டும். நைலானும் வழுக்கும் சில்க்கும் மடித்த மடிப்பில் நிற்காது. பாப்ளின், பழைய காட்டன் சட்டை, தையல்கடையில் மிஞ்சும் வெட்டுத்துணி எல்லாம் சரி. புதுத் துணியை ஒருமுறை அலசிக் காயவைத்து இஸ்திரி போட்டுவிடுங்கள். சாயம் போவதாக இருந்தால் அப்போதே போகட்டும், சுருங்குவதாக இருந்தால் அப்போதே சுருங்கட்டும்.

தாள் அச்சுக்குச் சாதாரணக் காகிதம் மெலிது, அட்டைப்பெட்டி தடிமன். மெல்லிய கல்யாணப் பத்திரிகை நல்ல பதம். ஊசி மெல்லியதாக, 10-ம் நம்பரில் இருந்தால் நல்லது. நூல் மெல்லிய பருத்தி நூல். பல நிறத் துணிகள் கலந்தால் வெளிர் சாம்பல் நிற நூல் பெரும்பாலும் எதிலும் எடுப்பாகத் தெரியாது.

தாளை வெட்டுதல்

மொத்த வேலையில் கவனம் அதிகம் வேண்டியது இங்கேதான். காம்பஸில் 1 இன்ச் ஆரம் வைத்து வட்டம் போடுங்கள். அதே அளவை மாற்றாமல் வட்டத்தின் மேலேயே சுற்றிலும் குறித்து வந்தால் சரியாக ஆறு புள்ளிகள் விழும். அவற்றைக் கோட்டால் இணைத்தால், பக்கம் 1 இன்ச் உள்ள அறுகோணம். முனைக்கு முனை 2 இன்ச், எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே சுமார் 1¾ இன்ச் இருக்கும்.

இதைத் தடித்த அட்டையில் ஒன்று வெட்டிவைத்து, எல்லாத் தாள்களையும் அதிலிருந்தே வரைந்தெடுங்கள். வெட்டிய தாளை வைத்து அடுத்த தாளை வரைந்தால் பென்சில் கோட்டின் தடிமன் ஒவ்வொன்றிலும் கூடிக்கொண்டே போகும். பத்துத் தாள் தாண்டினால் பக்கங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

மடித்து நூலோட்டுதல்

துணியை 2½ இன்ச் சதுரமாக வெட்டி, கெட்ட பக்கத்தில் தாளை நடுவில் வையுங்கள். மூலைகளில் துருத்தும் துணியை, தாளைச் சுற்றிலும் கால் இன்ச் விட்டு நறுக்கிவிடலாம். ஒரு பக்கத்தைத் தாளின் விளிம்போடு இறுக மடியுங்கள். அடுத்த பக்கத்தை அதன்மேல் மடித்ததும் மூலையில் துணி இரண்டு அடுக்காகும். அந்த இரண்டு அடுக்கை மட்டும் பிடித்து, தாளில் குத்தாமல், இரண்டு தையல் போடுங்கள். நூலை அறுக்காமல் அடுத்த மூலைக்குப் போங்கள். ஆறு மூலையும் முடிந்தால் துணி தாளை இறுகப் பிடித்துக்கொள்ளும். தாளில் ஊசி படாததால் பிறகு எதையும் பிரிக்காமலே உருவலாம். அதே தாளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

இணைத்தல்

இரண்டு அறுகோணங்களை நல்ல பக்கம் உள்ளே வரும்படி முகத்துக்கு முகம் வையுங்கள். ஒரு முழ நூல் போதும், அதற்கு மேல் சிக்கும். மூலைக்குச் சற்று உள்ளே ஊசியைக் குத்தி, மூலைவரை பின்னுக்கு வந்து, அங்கிருந்து மறுமூலை நோக்கி விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தையுங்கள். இரண்டு மடிப்பு விளிம்பிலும் இரண்டு மூன்று இழை மட்டும் ஊசியில் ஏற வேண்டும். ஊசி முனை தாளில் உரசுவது கைக்குத் தெரியும். உரசலாம், துளைக்கக் கூடாது. இன்ச்சுக்கு 12 முதல் 16 தையல் போட்டால் உறுதியாக இருக்கும்.

நடுவில் ஒன்று, சுற்றிலும் ஆறு என்று ஏழு துண்டுகள் சேர்ந்தால் ஒரு பூ. அதில் தைக்க வேண்டிய விளிம்புகள் 12. நடுத்துண்டோடு ஒன்றைச் சேர்த்த பிறகு பக்கத்துத் துண்டோடு சேர்க்கும்போது உள்மூலை வரும். அங்கே தாளோடு சேர்த்துத் துண்டை மடித்துக்கொண்டால் விளிம்புகள் நேராகப் படியும். மறுபடி நிமிர்த்தினால் தாள் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். இன்னும் 12 துண்டைச் சுற்றிலும் சேர்த்தால் 19 துண்டுப் பெரிய பூ.

ஆறு பக்கமும் தைத்து முடிந்த துண்டிலிருந்து மட்டும் தாளை எடுங்கள். ஒரு பக்கம் பாக்கி இருக்கும்போதே எடுத்தால் அந்த மடிப்பு தளர்ந்து, அளவு போய்விடும்.

வழக்கமான சிக்கல்கள்

நல்ல பக்கத்தில் தையல் பளிச்சென்று தெரிந்தால் ஊசி ஆழமாக இறங்குகிறது, அல்லது நூல் தடிமன். மூன்று துண்டு கூடும் இடத்தில் ஓட்டை விழுந்தால் மூலையில் கூடுதலாக ஒரு தையல் போட்டால் மூடிவிடும். விளிம்புகள் நீளம் ஒத்துவராவிட்டால் தையலைக் குறைசொல்லாமல் தாளை முதலில் வெட்டிய தடித்த அட்டையின் மேல் வைத்துப் பாருங்கள்.

எதிலிருந்து தொடங்கலாம்?

16 இன்ச் குஷன் உறைக்கு 1 இன்ச் அறுகோணம் சுமார் நூறு வேண்டும், ஓரத்துக்குச் சில கூட. 60-க்கு 90 இன்ச் போர்வைக்கு இரண்டாயிரத்துக்கு மேல் போகும். அதன் பிறகு பஞ்சு அடுக்கும் அடித்துணியும் வைத்து மூன்றையும் சேர்த்துத் தைத்தால்தான் அது குயில்ட். எனவே முதலில் ஒரே ஒரு ஏழு துண்டுப் பூ செய்யுங்கள். இதோடு சேர்க்க வேறு துண்டு இல்லாததால், மடிப்பு நிற்க இஸ்திரி போட்டு, எல்லாத் தாள்களையும் உருவி, ஒரு துணிப்பையின் மேல் வைத்து ஓரத்தைச் சுற்றி ஹெம்மிங் செய்துவிடலாம். அந்த ஒரு பூவுக்கு எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்துக்கொண்டு, போர்வை தைப்பதா குஷனோடு நிறுத்துவதா என்பதை அதற்குப் பிறகு முடிவுசெய்யுங்கள்.